முதல் பாட்டின் மேல் ஒரு பதர்

எனக்குக் கிடைத்த முதல் ஜாஸ் தட்டைப் பழுது என்று சொல்லித்தான் அப்பா கொடுத்தார். வலங்கைமான் கடைத்தெருவில் அவருக்கு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாயும் ஆம்ப்ளிபையரும் வாடகைக்குப் போகும். தொழிலை விட்டுவிட்ட திருச்சிக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பெட்டி இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்றைப் போட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு மூன்று நிமிடம் காத்திருந்தார்.

“என்ன பாப்பா இது, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சுடுச்சுப்பா. இதுதான் பாட்டு.”

“பாடுறவன் எங்க?”

“பாடுறவன் கிடையாது.”

“அப்ப எதுக்கு இத்தனை பேரு ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க? ஒருத்தன் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன் எழுந்திரிக்கிறான். கட்சிப் பொதுக்குழு மாதிரில்ல இருக்கு! நீயே வெச்சுக்க. இதைக் கல்யாணத்துல போட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரன் எழுந்து போயிடுவான்.”

எனக்கு அந்தப் பொதுக்குழுதான் பிடித்திருந்தது. அப்போது கும்பகோணத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கடை ரேடியோவில் சிற்றலையைத் திருகித் திருகி, எந்த நாடென்று தெரியாத ஒரு நிலையத்தில் இந்த மாதிரி வாசிப்பைச் சாயங்காலங்களில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். நல்ல இடம் வரும்போது கரகரவென்று மறைந்துவிடும். இப்போது அது மறையாமல் என் கையில் இருந்தது. அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டேன்.

நெல் விளைகிற ஊரில் ஜாஸ் தட்டு எங்கே கிடைக்கும் என்று என் வகுப்புத் தோழிகள் சிரிப்பார்கள். எங்கே கிடைக்காது? பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது கட்டிலோடு சேர்த்துத் தட்டுகளையும் விற்றுவிட்டுப் போனார்கள். தரங்கம்பாடியில் பழைய மிஷன் வீடு ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது, பிரசங்கத் தட்டுகளுக்கு நடுவே எனக்கு இரண்டு அகப்பட்டன. யாரோ ஒரு போதகர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். நாகப்பட்டினத்துக்குப் பினாங்குக் கப்பல் வந்து போனால், துணி, சோப்பு, பிஸ்கட் டின்களோடு எப்போதாவது ஒன்று கரையேறும்.

கிடைப்பது பாதி வேலைதான். எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். எங்கள் கடை வாசலில் காலை ஒன்பது மணி வெயில் சாய்வாக விழும். தட்டின் விளிம்பை உள்ளங்கையில் தாங்கி, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து மெல்லச் சுழற்றுவேன். நல்ல தட்டு எண்ணெய் தடவி வாரிய தலைபோல மின்னும். நிறைய ஓடிய தட்டில் சாம்பல் பூத்திருக்கும். பாட்டு ஓடுகிற பள்ளத்தின் சுவரை ஊசி தின்றிருக்கிறது என்று அர்த்தம். கீறல் தெரிந்தால் அதன் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்ப்பேன். நகம் தட்டினால் ஊசியும் தட்டும். நகத்துக்குத் தெரியாத கீறல் காதுக்கு வராது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் இருந்தால், அவசரக் கைகள் பிளேயர் முளையில் மாட்ட அந்த ஓட்டையைத் தடவித் தேடியிருக்கின்றன. மழைக்காலத்துப் பூசணம் வெள்ளையாகப் பயமுறுத்தும், ஆனால் ஈரத்துணிக்கு ஓடிவிடும். பூசணத்தைக் கண்டு பயந்தவர்களிடமிருந்துதான் என்னுடைய நல்ல தட்டுகள் பல வந்தன.

தட்டு எங்கே குடியிருந்தது என்பதையும் சொல்லிவிடுவேன். பொன்மலைத் தட்டில் சிகரெட் சாம்பலும், நடனத் தரை வழுக்குவதற்காகத் தூவுகிற பவுடரும் இருக்கும். நாகப்பட்டினத்துத் தட்டின் உறை உப்புக்காற்றில் நமுத்துப்போயிருக்கும். எங்கள் பக்கத்துத் தட்டு என்றால் நெல்லின் சுணை. களத்துக்குப் பக்கத்தில் ஓடிய தட்டைத் துடைத்தால் முழங்கை வரைக்கும் அரிக்கும்.

கல்லூரி நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் தட்டுகளைத் தரம் பிரிக்கும் முறையைப் படித்தேன். அவர்கள் வைத்த பெயர்கள் எனக்கு ஒட்டவில்லை. ஒரு நோட்டுப் போட்டு நானே பெயர் வைத்தேன். ஊசி படாதது விதைநெல். நன்றாக ஓடுவது மணி. அரைகுறை என்றால் கருக்காய். கேட்கவே முடியாதது தவிடு. என் நோட்டில் முப்பதுக்கு மேல் தட்டுகள் ஏறியிருந்தன. விதைநெல் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வருஷம் குறுவை அறுப்பு தள்ளிப்போனது. கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார்கள். வரப்பில் போலீஸ் நின்றது. திங்கட்கிழமை செங்கொடிக் கூட்டம், புதன்கிழமை மிராசுதார்கள் கூட்டம், வெள்ளிக்கிழமை இருவரையும் சமாதானப்படுத்த ஆளுங்கட்சிக் கூட்டம். மூன்றுக்கும் எங்கள் குழாய்தான். யார் முதலில் வெற்றிலைபாக்கு வைத்துத் தேதி சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் செட் என்பது அப்பாவின் சட்டம். எங்கள் கடைக் கட்டடமே ஒரு மிராசுதாருடையது. பின்னால் அவருடைய நெல் கிடங்கு. அவருடைய ஆள் வந்து, “செவப்புக் கொடிக்கு ஏங்க மைக்கு கொடுத்தீங்க?” என்று முறைத்தபோது அப்பா சாலிடரிங் கம்பியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“மைக்குக்கு ஏதுங்க கட்சி? அதுக்கு இருக்கறது ஒயரு மட்டும்தான்.”

அந்தக் கலவர வாரத்தில்தான் நாகப்பட்டினத்து பாய் வந்தார். கப்பல் சாமான் வியாபாரி. ஐம்பது வயது இருக்கும். எங்களுக்குப் பிளேயர் ஊசி கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். அன்று ஊசிப் பொட்டலத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கைலியில் சுற்றிய ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“பாப்பா, நீ தட்டைப் பாத்தே ஜாதகம் சொல்லுவியாமே. இதுக்குச் சொல்லு.”

பிரித்தேன். பத்து அங்குல எல்.பி. வெயிலில் திருப்பினேன். ஒரு சாம்பல் இல்லை, ஒரு கோடு இல்லை. நடு ஓட்டையைச் சுற்றி லேபிள் அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. என் வாழ்க்கையின் முதல் விதைநெல். ஆனால் தட்டு மட்டமாக இல்லை. தாமரை இலையின் ஓரம்போல ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் கீழிறங்கி நின்றது.

லேபிளில் பினாங்கு ஹோட்டல் ஒன்றின் முத்திரை. விற்பனைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பேனாவால் போட்ட எண் பதினேழு. ஹோட்டல் தன் விருந்தினர்களுக்குக் கொடுப்பதற்காக, தன் சொந்த ஜாஸ் கோஷ்டியை வைத்துக் கொஞ்சம் தட்டுகள் அடித்திருக்கிறது. இதைப் போல இன்னொன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

“வாசிக்கறவங்க பேரெல்லாம் போட்டிருக்கா?” என்றார் பாய்.

“ஆறு பேரு போட்டிருக்கு.”

“கிளாரினெட்டுக்கு நேரா யாரு பேரு?”

படித்தேன். அவர் தலையை ஆட்டினார். “என் தம்பி.”

தம்பி நாகப்பட்டினத்தில் ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் பழகியவர். அவர்கள் வாப்பாவுக்கு அது பிடிக்காது. சண்டை போட்டுக்கொண்டு பினாங்குக்குக் கப்பலேறிய பையன், அங்கே ஹோட்டல் கோஷ்டியில் சேர்ந்து, ஐந்தாறு வருஷத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் இருந்தபோது அனுப்பியது இந்தத் தட்டு. கூடவே ஒரு கடிதம்: முதல் பக்கம், முதல் பாட்டு, எல்லோரும் சேர்ந்து வாசித்து முடித்ததும் நான் தனியாக வருவேன்.

“வாப்பா கண்ணுல பட்டா ஒடச்சுடுவாருன்னு, எங்க லாத்தா இதை அடுப்படிப் பரண்ல ஒளிச்சு வெச்சுட்டா,” என்றார். லாத்தா என்றால் அவருடைய அக்கா. தாயில்லாத அந்தத் தம்பியை வளர்த்தவர். “வாப்பா போன வருஷம் மவுத்தாயிட்டாரு. இப்பத்தான் எறக்குனோம். பதினெட்டு வருஷம். ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்ல.”

அடுப்புச் சூடு. தட்டு வளைந்ததற்குக் காரணம் கேட்காமலே கிடைத்துவிட்டது.

பிளேயரில் வைத்துப் பார்த்தேன். ஊசியைத் தாங்குகிற பிக்கப் கை அலையில் மாட்டிய தோணிபோல ஏறி இறங்கி, இரண்டே சுற்றில் வெளியே வந்து விழுந்தது. பாயின் முகமும் கூடவே விழுந்தது.

“ஓடாதா?”

“மட்டமாக்கினா ஓடும் பாய். சீரா எடை ஏத்தி வெச்சா கொஞ்சம் கொஞ்சமா படிஞ்சுடும்.”

“அப்ப செய்யி. ஒருதடவை அவன் வாசிக்கறதைக் கேக்க வெச்சுடு. அப்புறம் தட்டை நீயே வெச்சுக்க. எங்க வீட்டுல இதை வெச்சு நாங்க என்ன செய்யப்போறோம்?”

அப்பா என்னைப் பார்த்த பார்வை, நிதானமாகப் பேசு என்றது. நான் எங்கே நிதானிக்க! “அடுத்த வியாழக்கிழமை வாங்க பாய், கேட்டுட்டுப் போலாம்” என்று சொல்லிவிட்டேன்.

எடை பற்றி மூன்று பக்கம் கணக்குப் போட்டேன். அம்மிக்கல் ஒரே இடத்தில் அழுத்தும். புத்தகங்கள் போதாது. நெல் மூட்டை என்றால் அடியில் இருப்பதன் வடிவத்துக்கு ஏற்பத் தன்னையே பரப்பிக்கொள்ளும். அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாக விழும். அற்புதமான யோசனை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இரண்டு கண்ணாடிகள் வேண்டும். கட்சி மாறியவர்கள் திரும்ப வந்து எடுத்துப்போகாத தலைவர் படங்கள் எங்கள் கடையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். இரண்டு தலைவர்களின் கண்ணாடியைக் கழற்றினேன்.

அந்த வாரமே தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை முடிந்து, கூலி கொஞ்சம் கூடி, அறுப்பு ஆரம்பித்தது. அதற்குள் மழையும் ஆரம்பித்துவிட்டது. நனைந்த கதிரை அப்படியே அடித்து, காயப்போட வெயில் இல்லாமல், அப்படியே மூட்டை பிடித்துக் கிடங்கில் அடுக்கினார்கள். அங்கே பெருக்கித் தூற்றுகிற அக்கா ஒருத்தி உண்டு. வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்று கோஷம் போட்டவள். எங்கள் மைக்கில் பேசிப் பழகியதில் குரல் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அவளிடம் கெஞ்சி உள்ளே போனேன். தட்டை நைலான் தாவணியால் ஒருதடவை நன்றாகத் துடைத்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வைத்து, பலகைமேல் கிடத்தினேன். அதன்மேல் மூட்டைகள் ஏறின. நைலானால் தேய்த்தால் தட்டில் மின்னூட்டம் ஏறும், பக்கத்தில் கிடக்கும் தூசியை எல்லாம் அது இழுக்கும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் அந்த அக்கா கடை வாசலில் நின்று கூவினாள்.

“ஏ பாப்பா! மூட்டை அட்டியப் பிரிக்கிறாங்க, ஓடியா! நெல்லு சூடேறிப்போச்சு!”

ஓடினேன். கிடங்கு வாசலிலேயே புழுங்கல் வாசனை. மூட்டைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு மூட்டைக்குள் அவள் என் கையைப் பிடித்துச் செருகினாள். சோற்றுப் பானைக்குள் விட்டதுபோல இருந்தது.

“ஈரநெல்ல அடுக்கி வெச்சா சூடேறும்னு உனக்குத் தெரியாதா? காலேஜுல என்னதான் சொல்லித் தர்றாங்க?”

“வெப்ப இயக்கவியல், அக்கா.”

“அப்படின்னா?”

“சூட்டைப் பத்தின பாடம்.”

அவள் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் சொல்லி, மறுபடியும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்கு வந்தேன்.

தட்டு மட்டமாகியிருந்தது. குளத்துத் தண்ணீர்போல அப்படி ஒரு மட்டம். சூடு நான் கேட்டதற்கு மேலேயே வேலை செய்திருந்தது. மேல் கண்ணாடியைத் தூக்கினேன். முதல் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே, ஒரு நெல் பதர் ஒட்டிக்கொண்டிருந்தது. நைலான் இழுத்துக் கொடுத்தது. நகத்தால் எடுத்தேன். அதற்கடியில், இளகிய தட்டில், அதே அளவில், அதே கூர்நுனியோடு, நெல்லின் மேல்தோல் வரிகூடத் தெரிகிற மாதிரி ஒரு பள்ளம். முதல் பாட்டின் சரியாக நடுவில்.

புதன்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸிலேயே பாய் வந்துவிட்டார். புதுச்சட்டை, அத்தர். நான் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: ஈரநெல், சூடு, பதர், பள்ளம், தப்பு என்னுடையது. அவர் தட்டை வாங்கிப் பார்த்தார். பள்ளத்தை விரலால் தடவினார்.

“பதினெட்டு வருஷம் வாப்பா கண்ணுல படாம தப்பிச்சிருக்கு,” என்றார் மெதுவாக. “வலங்கைமான் வந்து நெல்லுகிட்ட மாட்டிக்கிச்சா? சரி, போடு. என்ன கேக்குதோ கேப்போம்.”

போட்டேன். ஆறு பேரும் சேர்ந்து துள்ளலாக ஆரம்பித்தார்கள். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்த ஹோட்டலில் யாரோ கோப்பையை மேஜைமேல் வைப்பதுகூடக் கேட்டது. எல்லோரும் சேர்ந்து வாசித்து முடித்தார்கள். கிளாரினெட் ஒரு மூச்சு எடுத்தது. டப். ஊசி துள்ளி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அங்கே பியானோ ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் வைத்தேன். மூச்சு, டப், பியானோ.

பாய் கிளம்புகிறவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அதுவரை ஆம்ப்ளிபையர் பின்னால் குனிந்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

“நாலணா ஒண்ணு வை.”

மைக்செட்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. ஊசி தாண்டினால் பிக்கப் கையின் தலைமேல் ஒரு காசை வைத்துவிடுவார்கள். அந்த எடையில் ஊசி எந்தப் பள்ளத்தையும் உழுதுகொண்டு போகும். கீறல் விழுந்த கல்யாணத் தட்டுக்குச் சரி. இந்தத் தட்டில் அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பாட்டு ஓடுகிற பள்ளத்தின் சுவரை ஊசி சீவிக்கொண்டே வரும். இந்தப் பழக்கத்துக்காக அப்பாவோடு நான் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். இது என்னுடைய ஒரே விதைநெல். ஒருதடவை கேட்க வைத்துவிட்டால் எனக்குச் சொந்தம். பினாங்கில்கூட இன்னொன்று இருக்கிறதோ இல்லையோ.

பாய் என்னைப் பார்க்கவில்லை. பிளேயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் மேஜையிலிருந்து காசை எடுத்துப் பிக்கப் கையின் தலைமேல் வைத்தேன்.

ஆறு பேரும் ஆரம்பித்தார்கள். முடித்தார்கள். மூச்சு. டப். ஊசி தாண்டவில்லை. கிளாரினெட் வந்தது. தாளக்காரர் வருவதற்கு அரைக்கணம் முன்பாகவே வந்துவிட்டது. இரண்டு படி ஏறி, ஒரு படி இறங்கி, என்னவோ கிண்டல் செய்வதுபோல நின்று, மறுபடி ஏறியது. உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து, நம் ஊர் நாகஸ்வரக்காரர்கள் வழுக்குகிற மாதிரி ஒரு வழுக்கு வழுக்கிக் கீழே இறங்கியது. கோஷ்டியில் வேறு யாருக்கும் அது வராது. சுற்றுக்கு ஒரு டப் விழுந்துகொண்டே இருந்தது. முக்கால் நிமிடம் இருக்கும். பியானோ உள்ளே வந்ததும் ஊசியைத் தூக்கினேன்.

“அது என்ன, எவனோ கதவைத் தட்டற மாதிரி?”

“பதருதான், பாய்.”

“அவசரத்தைப் பாத்தியா அவனுக்கு?” பாய் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “எல்லாத்துலயும் அவசரம். சோறு வடிக்கறதுக்குள்ள தட்டை எடுத்துக்கிட்டு உக்காருவான்.” சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னொருவாட்டி போடுவியாம்மா?”

தட்டு அப்போது என்னுடையது. மறைக்காமல் சொன்னேன்.

“காசை வெச்சு ஓட்டினா தேஞ்சுக்கிட்டே வரும் பாய். பத்து தடவைக்கு மேல இந்தச் சுத்தம் இருக்காது.”

அவர் யோசித்தார். “அப்ப ஒன்பது இருக்கு.”

போட்டேன். அப்புறம் இன்னொரு தடவை. அதற்கு மேல் அவரே கையமர்த்திவிட்டார்.

“போதும். லாத்தாவுக்கு வேணும். அவளால முட்டிவலியோட பஸ் ஏற முடியாது. நான் எப்படியாவது கார் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்.”

“எதுக்கு பாய் கார்?” என்றேன். “நீங்க ஜப்பான் கேசட் பெட்டி விக்கறீங்கள்ல? அதுல ஒண்ணைக் கொண்டாங்க. நாம பதிஞ்சு எடுத்துடலாம்.”

பாய் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். “கடையில நாலு கெடக்கு! எனக்குத் தோணல பாரு!”

அடுத்த வாரம் பெட்டியோடு வந்தார். அதைப் பிளேயருக்கு எதிரே வைத்து, கதவைச் சாத்தி, யாரும் பேசக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் பதிந்தோம். கிளாரினெட் உச்சிக்குப் போகும்போது வெளியே திருவாரூர் பஸ் ஹாரன் அடித்தது. வழுக்கி இறங்கும்போது அப்பா, “டீ வந்துருச்சா?” என்றார். மறுபடியும் பதியலாம் என்றேன். பாய் கேட்கவில்லை. “வேணாம், தட்டு தேயும். ஒனக்கு மிச்சம் இருக்கட்டும்” என்று கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தார்.

அடுத்த தடவை ஊசிப் பொட்டலத்தோடு அவர் வருகிறவரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குள் கால் வைத்ததுமே கேட்டேன்.

“லாத்தா என்ன சொன்னாங்க பாய்?”

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக ஆரம்பித்தார்.

“மொதல்ல, டீ கேக்கறது யாருன்னு கேட்டா. சொன்னேன். அப்புறம் நாலு தடவை போடச் சொன்னா. பினாங்குல அவன் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டான்னு அந்தக் காலத்துல யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. இத்தனை வருஷமா அதையே நெஞ்சுல வெச்சிருக்கா. நாலாவது தடவை கேட்டுட்டுச் சொன்னா: ‘வயித்துல ஒண்ணுமில்லாதவனால இம்புட்டு நீளத்துக்கு ஊத முடியாதுடா. நல்லா சாப்பிட்டிருக்கான்.’ சொல்லிட்டு அன்னைக்கு இன்னும் ரெண்டு கரண்டி சோறு கூட வாங்கிச் சாப்பிட்டா.”

அப்பா ஆம்ப்ளிபையருக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் ஊசிப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

“இன்னொண்ணும் கேட்டா,” என்றார் பாய். “மறுபக்கத்துல அவன் இருக்கானான்னு.”

மறுபக்கத்தை நான் போடவே இல்லை. அந்தப் பக்கத்தில் ஓரத்தில் லேசாக ஒரு மேடு மட்டும்தான். மற்றபடி ஊசி படாத கறுப்பு. என் நோட்டில் முதல் பக்கத்துக்கு எதிரே விதைநெல்லை அடித்துக் கருக்காய் என்று எழுதியிருந்தேன். மறுபக்கத்துக்கு எதிரே விதைநெல் அப்படியே இருந்தது. தினமும் ஒருதடவை நோட்டைத் திறந்து அந்த வரியைப் பார்த்துக்கொள்வேன்.

“பேரு போட்டிருக்கு பாய். ஆனா எந்தப் பாட்டுல, எந்த எடத்துலன்னு தெரியாது. கேட்டாத்தான் தெரியும்.”

“மூணு பாட்டு இருக்குல்ல?”

“மூணு.”

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நாலு மணி பஸ்ஸுலதான் போறேன்.”

புது ஊசியை மாட்டினேன். தட்டைத் திருப்பி வைத்தேன்.